கேட்பதற்கு முன் சபை கொடுக்கட்டும்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் எழுபது குடும்பங்கள் உள்ள ஒரு சபையின் செயலர் கேட்டிருக்கிறார்: "புத்தாண்டுக்கு எங்கள் ஆயர் 'ஆவிக்குரிய புதுப்பித்தலும் உதாரத்துவமாய்க் கொடுத்தலும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார். கமிட்டியில் ஒரு சாரார், முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி ஆராதனையிலேயே தசமபாக (வரவில் பத்தில் ஒன்று) உறுதி அட்டை கொடுத்து எழுதி வாங்கிவிடலாம் என்கிறார்கள். மற்றவர்கள், இரண்டையும் சேர்த்தால் 'பணத்துக்குத்தான் இந்த எழுப்புதல்' என்று ஜனங்கள் பேசுவார்கள் என்கிறார்கள். எங்கள் சபையில் பாதிக்கு மேல் கூலிக்காரர்கள். கொஞ்சம் பேர் மாந்தோப்புக்காரர்கள். பிள்ளைகள் சிலர் ஓசூர் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?"

இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். உங்கள் கமிட்டியில் இரு சாராரும் ஜனங்கள் எவ்வளவு கொடுப்பார்கள், எப்போது கேட்பது என்பதையே பேசியிருக்கிறார்கள். சபை யாருக்கு என்ன கொடுக்கப் போகிறது என்பது பேச்சில் வரவில்லை. அதை முதலில் முடிவு செய்யுங்கள், செய்தும் காட்டுங்கள். அப்புறம் ஜனங்களிடம் பேசலாம். முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி அட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

இந்த வரிசையை, எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய அதிபதி நெகேமியாவின் புத்தகத்திலிருந்து எடுக்கிறேன். புத்தாண்டு, புதுப்பித்தல், காணிக்கை மூன்றும் ஒன்றாக வருகிற இடம் வேதத்தில் அது. எட்டாம் அதிகாரத்தில் ஏழாம் மாதம் முதல் தேதி ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் கூடுகிறார்கள். யூதர்கள் பிற்காலத்தில் வருடப்பிறப்பாகக் கொண்டாடிவரும் நாள் அதுதான். வேதபாரகன் எஸ்றா விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறான். ஜனங்கள் கேட்டு அழுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த கட்டளையைப் பாருங்கள். அழாதீர்கள், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், "ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்." ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஆலயத்துக்கான காணிக்கை பத்தாம் அதிகாரத்தில்தான் வருகிறது. வருஷத்துக்கு ஒரு சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு, பலிபீடத்துக்கு விறகு, முதற்பலன், தசமபாகம் என்று எல்லாவற்றையும் ஜனங்கள் தாங்களே எழுதி, தலைவர்கள் முத்திரை போடுகிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது. அங்கே பஞ்சம். ஏழைகள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்குகிறார்கள். பிள்ளைகளை அடிமையாக விடும் நிலை. கடன் கொடுத்தவர்களும் அதே சபையார், சொந்த சகோதரர்கள். நெகேமியா அவர்களைக் கூட்டி வைத்துக் கேட்கிறான். நானும் என் சகோதரரும் கூடத்தான் பணமும் தானியமும் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்கிறான். தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறான். அதிபதிக்கு உரிய படியையும் அவன் பன்னிரண்டு வருஷம் வாங்கவில்லை. ஆக, முதலில் பாரம் இறக்கினார்கள். அப்புறம் வசனம், அப்புறம் விருந்தும் பங்கிடுதலும், அப்புறம் பாவ அறிக்கை. கடைசியில்தான் காணிக்கை உடன்படிக்கை. நம் சபைகள் கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிட்டு, ஜனங்களுக்கு ஆவியில் அனல் இல்லை என்று வருத்தப்படுகின்றன.

உங்கள் கமிட்டி நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ கூடும்போது, சபை யாருக்கெல்லாம் பாக்கி வைத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆலயம் பெருக்கி மணி அடிக்கிறவருக்கு எத்தனை மாதச் சம்பளம் நிற்கிறது? உபதேசியாருக்குப் பயணப்படி கொடுத்தாயிற்றா? போன பண்டிகைக்கு மைக்செட் போட்டவர், பந்தல்காரர், மதிலுக்குப் பூசிய கொத்தனார், இவர்கள் கணக்கு முடிந்ததா? நம் பக்கத்தில் பல சபைகளில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன், இந்தப் பட்டியல் காலியாக இருப்பது அபூர்வம். ஆலயப் பணியாளர் சபைக்கு உள்ளேயே இருக்கிறவர். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று வாயைத் திறக்க மாட்டார். ஊழியம்தானே என்று நாமும் விட்டுவிடுவோம்.

தசமபாகத்துக்கு எல்லோரும் எடுக்கிற வசனம், தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10. அதற்கு ஐந்து வசனம் முன்னால், 3:5-ல், கூலிக்காரனுடைய கூலியை அபகரிக்கிறவனுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாக நானே தீவிரமான சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். பத்தாம் வசனத்தைப் பிரசங்கிக்கிற பீடத்துக்கு ஐந்தாம் வசனம் முதலில் பொருந்த வேண்டும். பாக்கியைத் தீர்க்கப் பணம் இல்லையென்றால் கிறிஸ்மஸ் அலங்காரத்தில் குறையுங்கள். சீரியல் லைட் ஒரு வருஷம் கம்மியாக இருந்தால் கர்த்தர் கோபிக்க மாட்டார்.

பாக்கி தீர்ந்ததும், வரும் ஆண்டின் வரவில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்கு வெளியே, அல்லது சபைக்குள்ளேயே கஷ்டப்படுகிறவர்களுக்கு, முதல் செலவாக எடுத்துவைப்பதாகத் தீர்மானம் போடுங்கள். மீந்தால் கொடுப்பது என்று எழுதாதீர்கள். மீதமே இருக்காது. ஜனங்களிடம் தசமபாகம் எதிர்பார்க்கிற சபை தானும் தசமபாகம் கொடுப்பதுதான் நியாயம். அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதையும் பொதுவாகச் சொல்லுங்கள்: தனியாக இருக்கும் வயதானவர்களின் மருந்து, பத்தாவது பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்குச் சேர்க்கைப் பணம், பெங்களூருவில் கட்டட வேலையில் விழுந்து கிடப்பவரின் வீட்டுக்கு மளிகை. உதவி வாங்குகிறவர் பெயரை மட்டும் வாசிக்க வேண்டாம். கிராமத்தில் ஒரு தடவை பெயர் வாசித்தால் அது வருஷக்கணக்கில் பேச்சாக நிற்கும்.

கடன் விஷயத்தையும் தொட்டே ஆக வேண்டும். நம் ஊர்களில் ஆவிக்குரிய சோர்வு என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி தவணைச் சோர்வு. குழுக் கடன் தவணை வாரா வாரம் வருகிறது. வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனசு செவ்வாய்க்கிழமைத் தவணையில் இருக்கிறது. இதற்கு மேல் கைவட்டி. நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று விடுகிறவர்கள் சபைக்குள்ளும் இருக்கலாம், கமிட்டியிலும் இருக்கலாம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டமே வந்தது. ஆனால் சபைக்குள் இதைச் சட்டமாகப் பேசாமல், நெகேமியா பேசியதைப் போல ஆயர் தனித்தனியாக வீட்டில் போய்ப் பேசலாம். ஒரே ஒருவர் ஒரு ஏழைக் குடும்பத்தின் வட்டியை மன்னித்தாலும், அந்தச் சபையில் எழுப்புதல் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வேன். அதோடு வட்டியில்லாத ஒரு சிறிய கைமாற்று நிதியையும், உங்கள் மேலிடத்தின் அனுமதியோடு, ஆரம்பிக்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஐயாயிரம் ரூபாய் கைக்குக் கிடைத்தால் ஒரு தாலிச் செயின் அடகுக்குப் போகாமல் தப்பும்.

இனி முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி. அன்றைக்கு ஆலயம் நிரம்பி வழியும். வருஷம் முழுக்க வராதவர்களும் வருவார்கள். பனியில் சால்வை போர்த்திக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, முழங்காலில் நின்று எழுந்ததும், வருஷத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கத் தட்டு வரும். அந்த அட்டைக்காகவே வருகிறவர்கள் பலர். வருஷம் முழுக்க அது சுவரில் ஒட்டியிருக்கும் அல்லது பைபிளுக்குள் இருக்கும். அதே தட்டில், அல்லது அடுத்த தட்டில், "நான் மாதம் இவ்வளவு கொடுப்பேன்" என்ற அட்டை வந்தால் என்ன ஆகும்? தேவன் வாக்குக் கொடுக்கிறார், அதற்கு விலை இது என்று மனசு கணக்குப் போட்டுவிடும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றாலும் அப்படித்தான் விழும். கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. அந்தப் போதனை நம் ஏழை ஜனங்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. கொடுத்தும் கஷ்டம் தீராதவன், தன் விசுவாசத்தில்தான் கோளாறு என்று ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நடு ராத்திரி உருக்கத்தில் எழுதியது பிப்ரவரியில் பாரமாகிவிடும். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்ட முடியாதவர் பொருளாளரைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்புவார். சபைக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை, ஒரு ஆத்துமா தூரமாகிவிடும்.

அந்த ராத்திரியை ஸ்தோத்திரத்துக்கும் பாவ அறிக்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புரவுக்கும் அதுதான் சரியான நேரம். வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. ஆயர் கிறிஸ்மசுக்கு முந்தின அட்வென்ட் நாட்களிலேயே அவர்கள் வீட்டில் ஏறி இறங்கியிருந்தால், அந்த ராத்திரி ஏதாவது நடக்கும். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போ என்று மத்தேயு 5-ல் ஆண்டவர் சொன்னதும் இதே வரிசைதான். ஜனவரி 1 காலை ஆராதனை முடிந்ததும் ஒரு எளிய அசனம் வையுங்கள். கேழ்வரகு களத்துக்கு வந்திருக்கும், அவரைக்காயும் மலிவாகக் கிடைக்கும். களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டால்கூடப் போதும். சமைத்ததில் முதலில் பாத்திரத்தில் எடுத்து, வர முடியாமல் படுத்திருப்பவர்கள் வீட்டுக்கும், சபைக்குச் சம்பந்தமில்லாத பக்கத்துத் தெரு ஏழைகளுக்கும் வாலிபர்கள் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எட்டாம் அதிகாரம் அன்றைக்கே நிறைவேறிவிடும்.

காணிக்கை உடன்படிக்கைக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். பொங்கலை ஒட்டிய ஞாயிறுதான் நம் பகுதிக்குச் சரியாக இருக்கும் என்பேன். வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள் கிறிஸ்மசுக்கு ஒரு நாள் லீவில் வந்து மறுநாளே ஓடுகிறார்கள். பொங்கலுக்குத்தான் நாலு நாள் தங்குகிறார்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவெடுக்க அதுதான் தோதான நேரம்.

அதற்கு ஆராதனை முறையைப் புதிதாக உருவாக்க வேண்டியதும் இல்லை. 1755 ஆகஸ்டில் லண்டனில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முதல் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். மெதடிஸ்டுகள் அதைப் புத்தாண்டை ஒட்டி நடத்திவந்தார்கள். 1947 செப்டம்பர் 27-ல் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, இந்த வழக்கமும் அந்தத் திருச்சபைக்குள் வந்தது. நீங்கள் எந்தத் திருச்சபை என்று எழுதவில்லை. லுத்தரன் என்றாலும் உங்கள் ஆயர் இதை ஒட்டி ஒரு முறை தயாரிப்பது கடினமல்ல. என் உயிர், என் வேலை, என் சம்பாத்தியம், என் வியாதி எல்லாம் உம்முடையது, என்னை வேலையில் வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் உம்முடையவன் என்ற அர்ப்பணிப்புதான் அந்த ஆராதனையின் உயிர். பணம் அதற்குள் ஒரு பகுதியாக வருகிறது. மக்கெதோனியா சபையாரைப் பற்றி 2 கொரிந்தியர் 8-ல் பவுல் எழுதுவதும் இதையே. கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள், முதலில் தங்களையே கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். அதன்பின் எங்களையும் இந்தத் தர்ம ஊழியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே வேண்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் ஜனங்கள் ஏழைகள், அவர்களிடம் எப்படிக் கேட்பது என்று சில நல்ல மனசுக்காரர்கள் சொல்வார்கள். இரக்கத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது ஏழையைக் கொடுக்கிறவர்களின் வரிசையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. நம் பகுதி சபைகளுக்கு இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. லண்டன் மிஷன் சேலத்தில் 1827-ல் வேலை தொடங்கியது, அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலத்தோடு சேர்ந்த பகுதி. 1895-ல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையார் தங்கள் இந்திய ஊழியத்தைக் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கினார்கள். அதன் முதல் மிஷனரிகளில் ஒருவரான தியோடர் நேதர் 1904-ல் பிளேக் நோயில் இங்கேயே இறந்தார். அவர்கள் தந்தது பெரிது. ஆனால் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஊழியர் சம்பளமும் கடல் தாண்டி வந்த பணத்தில் நடந்ததால், மிஷன் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் தலைமுறைகளாக ஊறிவிட்டது. இதற்கு எதிர்ச் சாட்சியும் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அதை முன்நின்று தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா பின்னாளில் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் ஆனார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், திருநெல்வேலிச் சபையாரின் காசிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெரிய மிராசுதாரர்கள் அல்லர்.

ஏழை கொடுக்கட்டும். எவ்வளவு என்பதை நாம் நிர்ணயிக்காமல் இருந்தால் போதும். தசமபாகத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் விளைச்சலிலும் மந்தையிலும் எடுக்கப்பட்டது. நிலமில்லாத கூலிக்காரன், விதவை, அந்நியன் இவர்கள் அதை வாங்குகிற இடத்தில் இருந்தார்கள். உபாகமம் 14-ன் கடைசி வசனங்களைப் பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு, ஆலயப் பணி செய்கிற லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் புசித்துத் திருப்தியடைய வேண்டும். அதை எடுத்து, தவணைக்குத் தவிக்கிற ஒரு விதவையிடம் நீ கர்த்தரை வஞ்சிக்கிறாய் என்று சொல்வது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. நிலையான வருமானம் உள்ளவர்களுக்குப் பத்தில் ஒன்று நல்ல பயிற்சி. அவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்லுங்கள், முடிந்தவர்கள் அதைத் தாண்டியும் போகட்டும். கூலிக்காரர் மனசார அதையே தேர்ந்துகொண்டால் தடுக்காதீர்கள். மற்றபடி எல்லோருக்கும் 2 கொரிந்தியர் 9:7 தான் அளவு: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்."

அட்டை வைத்தால் அதில் தொகைக்கு மட்டும் கோடு போடாதீர்கள். வருமானம் எப்போது வருகிறதோ அப்போது கொடுக்க வழி இருக்கட்டும். வரவுக்குத் தக்கதாக, வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைக்கச் சொன்னார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). உங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டின் வரவும் வேறு வேறு மாதிரி. மாந்தோப்புக்காரருக்கு ஜனவரி செலவு மாதம். மரம் பூவெடுத்து நிற்கும். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிக்கக் கடன் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த மாதத்தில் அவரிடம் ஆண்டுத் தொகை கேட்டால் முகம் வாடிவிடும். பெங்களூரா காய் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்ப் பணம் வரும் ஜூன், ஜூலையில் அவர் வேறு ஆளாக இருப்பார். பட்டுப்புழு வளர்ப்பவருக்கு ஒவ்வொரு தடவை கூடு இறங்கும்போதும் காசு. கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். கம்பெனிப் பிள்ளைகளுக்கு மாதம் முதல் பத்து நாளுக்குள். தக்காளி போட்டவரிடம் எதையும் முன்கூட்டிக் கேட்கவே கேட்காதீர்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் கூடை என்ன விலைக்குப் போகும் என்று பறிக்கிற அன்றைக்குக் காலையில்கூட யாருக்கும் தெரியாது. ஆகவே அட்டையில் "வாரம், மாதம், அறுவடைக்கு, ஒவ்வொரு கூட்டுக்கு" என்று நாலு கட்டம் போட்டு, தொகை எழுத விரும்பாதவர் கட்டத்தை மட்டும் டிக் செய்யட்டும். கையெழுத்தும் வேண்டாம். அவரவரே பைபிளுக்குள் வைத்துக்கொள்ளட்டும். சபைக்கு வரவுத் திட்டம் போட எண் வேண்டுமே என்று பொருளாளர் கேட்பார். போன மூன்று வருஷ வரவைப் பார்த்துத் திட்டம் போட்டால் போதும், அதுவே நம்பகமானது.

பிடியரிசியை விட்டுவிடாதீர்கள். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு டப்பாவில் போட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுவருகிற பழக்கம் நம் பெண்கள் ஐக்கியங்களில் நெடுங்காலமாக இருந்தது. இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் பத்து ரூபாய் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அரிசிதான் மேல். காசு கையில் இல்லாத பெண் கொடுக்கும் வழி அது. தினமும் அடுப்படியில் ஒரு நிமிஷ ஜெபத்தோடு நடக்கிற காரியமும்கூட. அரிசிக்குப் பதில் கேழ்வரகு மாவும் வரலாம். ரேஷன் அரிசிதான் வருகிறது என்றாலும் முகம் சுளிக்க வேண்டாம். அதை ஏலம் விட மட்டும் கூடாது, ரேஷன் அரிசியை விற்பது குற்றம். சமைத்துப் போடுங்கள்.

காணிக்கை எண்ணுகிற இடத்துக்கு வருகிறேன். ஆராதனை முடிந்து, பக்கத்து அறையில் மேஜை மேல் பையைக் கவிழ்த்தால் சபையின் முகம் அதில் தெரியும். எட்டாக மடித்த பத்து ரூபாய், மஞ்சள் கறை படிந்த இருபது, பிள்ளைகள் போட்ட ஒரு ரூபாய் நாணயங்கள், நடுவில் இரண்டு மூன்று கவர். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் "மாடு கன்னு போட்டதுக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதிய ஒரு கவருக்குள் இருபது ரூபாய் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது, மகளை உட்கார வைத்து எழுத வைத்திருக்கிறார். இப்படி வருகிற பணத்தை ஒரே ஆள் எண்ணி, ஒரே ஆள் வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் இந்த வருஷமே நிறுத்துங்கள். அந்த ஆள் உத்தமராகவே இருக்கலாம். அவரைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன். நெகேமியா 13-ல் தசமபாகம் நின்றுபோய், லேவியர்கள் பிழைக்க வயலுக்கு ஓடிப்போன பிறகு, அவன் பொக்கிஷ அறைகளுக்கு ஆசாரியன் செலேமியா, வேதபாரகன் சாதோக், லேவியரில் பெதாயா, இவர்களுக்கு உதவியாக ஆனான் என்று நான்கு பேரை வைத்தான். வெவ்வேறு வகையிலிருந்து நான்கு பேர். பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி சபைகள் தேர்ந்தெடுத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

உங்கள் எண்ணும் மேஜையிலும் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர், வாலிபரில் ஒருவர், கமிட்டிக்கு வெளியே ஒருவர் இருக்கட்டும். எண்ணிய தொகையை அன்றே நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடுங்கள். க்யூஆர் கோடு வைத்தால் அது சபையின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், தனிநபர் எண்ணுக்குப் போகக் கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஆராதனையில் வாசிப்பதை விட்டுவிடுங்கள். ஒரு சபையில் சந்தாப் பட்டியலைத் தொகை வரிசையில் வாசித்து, கடைசியில் வந்த பெயர்க்காரர் அடுத்த வாரத்திலிருந்து வரவேயில்லை. ஆலயத்தில் ஏழைப் பெண் போட்ட இரண்டு காசைப் பார்த்த ஆண்டவர், அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தவில்லை. சீஷர்களை மட்டும் அழைத்துச் சொன்னார்.

பெரிய தொகை வருகிற இடத்தில் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நபரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் புத்தாண்டுக் காணிக்கை அனுப்புகிறேன் என்றால், அவர் இன்னும் இந்தியக் குடிமகனா என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், நம் பிள்ளையாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவு இல்லாமல் சபை வாங்கக் கூடாது. உங்கள் சபைக்குத் தனியாகப் பதிவு இருக்க வாய்ப்பில்லை, எனவே மேலிட அலுவலகத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஜனவரியோடு இதை முடித்துவிடாதீர்கள். ஜூலையில் மாங்காய்ப் பணம் கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறை ஸ்தோத்திர ஞாயிறாக வையுங்கள். அன்றைக்குக் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் பொருளாளர் எழுந்து ஐந்தே நிமிஷத்தில் அரையாண்டுக் கணக்கை வாசிக்கட்டும். சபை கொடுப்பதாகச் சொன்ன பத்தில் ஒரு பங்கு எவ்வளவு ஆனது, அதில் மருந்துக்கு எவ்வளவு, பிள்ளைகளின் சேர்க்கைக்கு எவ்வளவு, ஆலயப் பணியாளருக்கு ஆறு மாதச் சம்பளமும் தேதி தவறாமல் போனதா என்று சொல்லிவிட்டு உட்காரட்டும். ஜனங்கள் கேள்வி கேட்டால் அங்கேயே பதில் சொல்லுங்கள். அப்புறம் காணிக்கைப் பையை அனுப்புங்கள்.